நோன்பாளிக்குச் சீனி குறையும்போது

 



சீனி வருத்தம் என்று நாம் சொல்லும் நீரிழிவைப் பற்றிப் பேச்செடுத்தால், சீனி கூடுவதைப் பற்றியே எல்லோரும் பேசுவோம். வட்டிலப்பத்தைத் தள்ளி வைப்பதும், வெறுந்தேநீர் குடிப்பதும், கிளினிக் கொப்பியில் வைத்தியர் எழுதிய இலக்கத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதும் நமக்குப் பழகிப்போனவை. ஆனால் கூடிய சீனி ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் செய்கின்ற கேட்டைக் குறைந்த சீனி ஒரு மணி நேரத்துக்குள் செய்துவிடும். இன்றைய பேச்சு அதைப் பற்றியதாகும். குறிப்பாக, நோன்பு நோற்ற நிலையில் அது நேரும்போது மார்க்கம் நம்மிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதைப் பற்றியதாகும்.

இது ஒரு சிலரின் கதையன்று. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் நடத்தப்பட்ட ஆய்வில் வளர்ந்தோரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. 2018, 2019 ஆம் ஆண்டுகளின் கணிப்பில் அது ஐந்தில் ஒருவர் என்ற அளவையும் கடந்துவிட்டது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் மருந்துக் குளிசையோ இன்சுலின் ஊசியோ இல்லாத வீடுகளை எண்ணுவதுதான் இன்று எளிது.

அஸர் தொழுகைக்குப் பிந்திய நேரத்தை எண்ணிப் பாருங்கள். அடுப்பில் நோன்புக் கஞ்சி கொதிக்கிறது. திண்ணையில் அமர்ந்திருக்கும் வாப்பாவுக்கு விரல்கள் நடுங்குகின்றன. நெற்றியிலும் பிடரியிலும் குளிர்ந்த வியர்வை. நெஞ்சு படபடக்கிறது. மகள் ஓடிவந்து, “வாப்பா, ஒரு மிடறு சீனித் தண்ணி குடியுங்க” என்கிறாள். அவரோ, “மஃரிபுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்தானே மகள்” என்று கையை விலக்குகிறார். அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் ஆபத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. மூளைக்கு எரிபொருளாக இருப்பது பெரும்பாலும் குருதியிலுள்ள குளுக்கோஸ். அது ஓரளவுக்குக் கீழே இறங்கினால் அறிவு தடுமாறும், மேலும் இறங்கினால் வலிப்பும் மயக்கமும் வரும், நேரம் நீண்டால் மூளைக்கு நிரந்தரமான கேடு உண்டாகும், உயிரும் போகலாம். பொறுமையால் வெல்லக்கூடிய பசியன்று இது.

நோய் இல்லாதவருக்கு இது ஏன் நேர்வதில்லை என்று கேட்கலாம். அல்லாஹ் நமது ஈரலை ஒரு களஞ்சியமாக அமைத்திருக்கிறான். உண்ட உணவின் ஒரு பகுதியை அது சேமித்து வைத்து, உணவற்ற வேளையில் சிறிது சிறிதாகக் குருதிக்குள் விடுகிறது. சீனி இறங்கத் தொடங்கியதும் உடல் தனது இன்சுலினைத் தானே குறைத்துக்கொண்டு அந்தக் களஞ்சியத்தைத் திறந்துவிடும். ஊசி மூலம் ஏற்றிய இன்சுலினோ அவ்வாறு குறையத் தெரியாதது. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட், டொல்பியூட்டமைட் போன்ற குளிசைகளும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். அதனால் களஞ்சியத்தின் கதவு அடைபட்டுப்போகிறது. மெட்போமின் மட்டும் பாவிப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆகவே தாம் விழுங்கும் குளிசையின் பெயரை அறிந்துவைத்திருப்பது ஒவ்வொரு நோயாளிக்கும் அவசியம். “வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று” என்பது போதிய அறிவாகாது.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, உதட்டில் விறைப்பு ஆகியவை முதலில் வரும் அறிகுறிகள். அடுத்துப் பார்வை மங்கும், நாக் குழறும், காரணமின்றிக் கோபம் வரும், பேசுவது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் போகும். இந்த இரண்டாம் கட்டத்தில் நோயாளி தன்னிலையைத் தானே அறியமாட்டார். சீனி கொடுக்க வருபவரையே ஏசித் துரத்துவார். இருதய நோய்க்காகவோ பிரஷருக்காகவோ சில வகைக் குளிசைகளைப் பாவிப்பவர்களுக்கும், நெடுங்காலம் நீரிழிவோடு வாழ்ந்தவர்களுக்கும் நடுக்கமும் படபடப்பும் தோன்றாமலேயே இந்த இரண்டாம் கட்டம் வந்துவிடுவதுண்டு.

இவ்வேளையில் நம் ஊர்களில் நடப்பது என்ன? வீதியில் ஒருவர் தள்ளாடினால் குடித்திருக்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறோம். வீட்டில் உம்மா சம்பந்தமில்லாமல் கத்தினால் ஜின்னின் கோளாறு என்று ஆள் தேடிப் போகிறோம். ஓதிப் பார்ப்பதை நான் குறைகூறவில்லை. குர்ஆன் ஷிபா என்பது நமது நம்பிக்கை. ஆனால் நீரிழிவு உள்ளவருக்குத் தண்ணீர் ஓதிக் கொடுப்பதாயின், அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், அந்தத் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனியையும் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் அந்த ஜின்னில் பெரும்பாலானவை ஓடிவிடும்.

மருத்துவ முறையும் அதுவேதான். குளுக்கோமீட்டரில் 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் அது சீனி குறைந்த நிலை. கருவி கையில் இல்லையென்றால் அதைத் தேடி நேரத்தைப் போக்காமல், அறிகுறியை நம்பி உடனே செயற்பட வேண்டும். மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பை நீரில் கரைத்துக் கொடுங்கள். அது ஏறக்குறைய 15 கிராம். குளுக்கோஸ் மாவு இருந்தால் இன்னும் நன்று. அகார்போஸ் என்னும் குளிசை பாவிப்பவருக்குச் சாதாரண சீனி விரைவாக வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். 15 நிமிடம் பொறுத்து மீண்டும் பாருங்கள். சரியாகவில்லையெனில் அதே அளவை மறுபடியும் கொடுங்கள். தேறிய பின்னர் பாண், சோறு, கஞ்சி என்று ஏதாவது உண்ணக் கொடுங்கள். உண்ணாவிட்டால் கரைத்துக் கொடுத்த சீனி தீர்ந்ததும் பழைய நிலை திரும்பிவிடும். வட்டிலப்பம், தொதல், சொக்லட் போன்றவை இனிப்பானவைதாமே என்று எண்ணி அவற்றை ஊட்ட வேண்டாம். அவற்றிலுள்ள தேங்காய்ப் பாலும் கொழுப்பும் சீனி குருதியில் சேருவதைத் தாமதப்படுத்தும்.

மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஸம்ஸம் தண்ணீராயினும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய் உயிரைப் பறிக்கும். அவரை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, 1990 என்ற சுவசெரிய அம்பியூலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்; அல்லது கிடைத்த வாகனத்தில் அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே நாளத்தின் வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். கண் விழித்தவுடன் “எனக்குச் சுகம், வீட்டுக்குப் போவோம்” என்று நோயாளி அடம்பிடிப்பார். கிளிபென்கிளமைட் போன்ற குளிசையின் வேலை ஒரு நாள் வரை நீடிக்கும். சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு அதற்கும் மேலாக நீடிக்கும். ஆகவே வைத்தியர் நிற்கச் சொன்னால் நின்றே ஆக வேண்டும்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். ஸூரத்துல் பகராவின் 184, 185 ஆம் வசனங்களில், நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்திலேயே, நோயாளியும் பயணியும் அந்நாட்களை வேறு நாட்களில் நோற்கலாம் என்று அல்லாஹ் கூறுகிறான். அவன் நமக்கு நாடுவது இலகுவையே அன்றிக் கஷ்டத்தையன்று என்பதையும் அங்கேயே தெரிவிக்கிறான். இந்தச் சலுகை மனிதர் கேட்டுப் பெற்றதன்று. கட்டளையோடு சேர்ந்தே இறங்கியது. ஒரு பயணத்தின்போது, நோன்பின் களைப்பால் சோர்ந்த ஒருவருக்கு மக்கள் கூடி நிழல் கொடுத்துக்கொண்டிருந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், பயணத்தில் இவ்வாறு நோன்பு நோற்பது நற்செயலில் சேர்ந்ததன்று என்று கூறியதாக புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது.

இன்னொரு செய்தி இதைவிடக் கடுமையானது. அபூதாவூதில் ஜாபிர் (ரழி) அவர்கள் வாயிலாக வருகிறது. பயணத்தில் ஒருவரின் தலையில் கல்பட்டுக் காயமுண்டாயிற்று. அவருக்குக் குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று கூட வந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபியவர்கள், அவர்கள்தாம் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடிந்துகொண்டார்கள். அறியாதவர்கள் கேட்டிருக்கக் கூடாதா என்றும் வினவினார்கள். திண்ணையில் நடுங்கிக்கொண்டிருக்கும் வாப்பாவைப் பார்த்து, “கொஞ்சம் பொறுங்க, பாங்கு சொல்லப் போகுது” என்று சொல்லும் உறவினர்கள் இந்தச் செய்தியைத் தம் முன்னே வைத்துப் பார்க்க வேண்டும்.

உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்று அஞ்சும் நிலையில் நோன்பை விடுவது ஆகும் என்பது மட்டுமன்று, அது கட்டாயம் என்பதே நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்டம். அப்படி விட்டவர், பின்னர் நோற்க இயலுமானவராயின், அந்த ஒரு நாளைக் கழாச் செய்தால் போதும். அறுபது நாட்கள் தொடர்ந்து நோற்க வேண்டும் என்ற பயம் நம்மில் பலரிடம் உண்டு. றமழான் பகலில் வேண்டுமென்றே இல்லற உறவால் நோன்பை முறித்தவருக்குரிய பரிகாரம் அது. நோயாளிக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவ்வாறே, விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது. தோலின் கீழ் ஏற்றும் ஊசியாலும் முறியாது என 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி தீர்மானித்தது. பகலில் சீனி பார்க்க மறுப்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். நோன்பில் எந்த வேளையிலும் 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை விட வேண்டும் என்பது இன்று உலகளாவிய மருத்துவ வழிகாட்டல்.

இந்த அச்சம் மிகைப்படுத்தப்பட்டதா என்று கேட்போரும் உளர். 2001 ஆம் ஆண்டு இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், மலேசியா, எகிப்து உட்பட 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளரிடையே ஓர் ஆய்வு நடந்தது. நடுத்தர வயதில் தோன்றும் வகை நீரிழிவு உள்ளோரில் நூற்றுக்கு 79 பேர் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு நோற்றிருந்தனர். அவர்களிடையே சீனி கடுமையாகக் குறைந்த நிகழ்வுகள் மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்காகப் பெருகியிருந்தன. சிறு வயதிலேயே தொடங்கி இன்சுலினை நம்பியிருக்கும் வகையினருக்கு அது ஏறக்குறைய ஐந்து மடங்கு. நோன்பு நோற்ற பலர் தமது மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளாமலேயே நோற்றிருந்தனர் என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

மாற்ற வேண்டியவர் வைத்தியரே. பக்கத்து வீட்டு மச்சான் அல்லர். றமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னர் வைத்தியரைக் காண வேண்டும் என்கிறார்கள். நமது கணக்கில் அது ரஜப் மாதம். அம்மாதக் கிளினிக் நாளிலேயே, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையாயினும் காத்தான்குடி ஆதார வைத்தியசாலையாயினும், “டொக்டர், நான் நோன்பு பிடிக்கலாமா? பிடித்தால் குளிசையை எப்படிப் போடுவது?” என்று கேட்டுவிடுங்கள். முஸ்லிம் அல்லாத வைத்தியரிடம் இதைக் கேட்கச் சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. பெரும்பாலும் காலையில் எடுத்த பெரிய அளவை இஃப்தாருக்கு மாற்றி, ஸஹருக்குரியதைக் குறைத்து எழுதித் தருவார்கள். அறுபது வயதைக் கடந்தவர்கள் கிளிபென்கிளமைட் பாவித்தால், அதற்குப் பதிலாக வேறு மருந்து உண்டா என்றும் கேட்கலாம்.

தராவீஹ் முடிந்ததும் வயிறு நிறைய உண்டுவிட்டு ஸஹருக்கு எழும்பாமல் உறங்கும் வழக்கம் நம் இளைஞர்களிடம் பரவிவருகிறது. நீரிழிவு உள்ளவருக்கு அது கேடு. நம் பகுதியில் நோன்பு ஏறக்குறையப் பதின்மூன்றரை மணித்தியாலம். ஸஹரைத் தவறவிட்டால் உணவில்லாத நேரம் பதினெட்டையும் தாண்டிவிடும். ஸஹரைப் பிற்படுத்துவது ஸுன்னத். பிற்படுத்திய ஸஹர் மருத்துவத்துக்கும் உகந்தது. பிஸ்கட்டும் தேநீரும் ஸஹராகாது. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, மீன் என்று மெதுவாகச் செரிப்பவற்றை உண்ண வேண்டும்.

நோன்பு இல்லாத காலத்திலும் இதே ஆபத்து உழைப்பாளிகளைத் தொடர்கிறது. மாலையில் இன்சுலின் போட்டுவிட்டு, சோற்றுப் பார்சலைப் பிறகு உண்ணலாம் என்று தோணியில் வைத்து, இரவில் வாவிக்குள் இறங்கும் மீனவர். அறுவடைக் காலத்தில் பகலுணவு பிந்திப்போகும் வயற்காரர். முச்சக்கர வண்டி ஓட்டும் சகோதரர் என இவர்கள் அனைவரும் சிறு பொலித்தீன் பையில் சீனியைக் கட்டிச் சாரன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தோணியில் தனியே போவதைத் தவிர்க்க வேண்டும். துணைக்கு வருபவரிடம், நான் ஏறுமாறாகப் பேசினால் இந்தப் பையைப் பிரித்து வாயில் போடு என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

இனி ஒருபோதும் நோன்பு நோற்க இயலாது என்று நம்பகமான வைத்தியர் சொல்லிவிட்ட முதியவர்கள், கழாச் செய்ய வேண்டியதில்லை, அவர்களுக்குரியது பித்யா. விட்ட நோன்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்து, அதாவது ஏறக்குறைய 600 கிராம் அரிசி. முப்பது நாட்களுக்கு அது 18 கிலோ. அந்தந்த நாளுக்குரியதை அந்தந்த நாளிலும் கொடுக்கலாம். மாதம் முடியும்போது மொத்தமாகவும் கொடுக்கலாம். பெற வேண்டிய ஏழை பெரும்பாலும் அடுத்த ஒழுங்கையிலேயே இருப்பார்.