குளம்புக்கு ஏற்ற லாடம்

(பொதி விலங்கு வளர்ப்போர் கூட்டம் ஒன்றில், ராணுவத்தில் லாடம் கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பேசியது)



நான் ராணுவத்தில் இருந்தேன். ஆனால் துப்பாக்கியைவிடச் சுத்தியலையும் அரத்தையும்தான் அதிகம் பிடித்தேன். லாடம் கட்டுவது என் வேலை. மாட்டுக்கு அல்ல. கோவேறு கழுதைக்கு.

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. வண்டி போகாத இமயமலைப் பாதையிலும் அது பொதி சுமந்து ஏறும்.

கேதார்நாத் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? கௌரிகுண்டிலிருந்து மலை ஏற வேண்டும். 2013ஆம் ஆண்டு வந்த வெள்ளம் பழைய பாதையின் ஒரு பகுதியை அடித்துச் சென்றது. இப்போது ஏறக்குறைய 16 கிலோமீட்டர். கோயில் வருடத்தில் சுமார் ஆறு மாதம்தான் திறந்திருக்கும். கோவேறு கழுதை வைத்திருப்பவர் அந்த ஆறு மாதத்தில்தான் பிழைப்பைத் தேடிக்கொள்ள வேண்டும். கழுதை ஒரு வாரம் நொண்டினால் ஒரு வாரக் கூலி போச்சு. ஆகவே அந்தக் குடும்பத்தின் சோறு கழுதையின் குளம்பில் இருக்கிறது.

நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. கையில் இருந்தது குதிரை லாடம். குதிரையின் முன்னங்கால் குளம்பு வட்டமாக இருக்கும். கோவேறு கழுதையின் குளம்பு ஒடுக்கமாக, நீளவாட்டில் இருக்கும். செங்குத்தாகவும் நிற்கும். எனக்கு அது தெரியவில்லை. லாடத்தை வைத்துப் பார்த்தேன். அகலம் பொருந்தியது. ஆனால் குளம்பின் முன்முனை லாடத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நான் என்ன செய்தேன்? அரத்தை எடுத்து, நீட்டியதை ராவிவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது.

நாலாம் நாள் அந்தக் கழுதை நொண்டியது. குளம்பைத் தொட்டால் சுட்டது. மூத்தவர் ஒருவர் லாடத்தைக் கழற்றினார். ஓர் ஆணியின் துளையிலிருந்து சீழ் வந்தது. நான் ராவியதால் குளம்பின் சுவர் மெலிந்துவிட்டது. ஆணி உள்ளே உயிர்ச்சதையில் பட்டுவிட்டது. அந்தக் கழுதை பல வாரம் வேலை செய்யவில்லை.

நம் நகத்தை வெட்டினால் வலிக்காது. நகக்கண்ணில் ஊசி ஏறினால்? குளம்பும் அப்படித்தான். வெளிச்சுவருக்கு உணர்ச்சி இல்லை. அடியில் பார்த்தால், சுவரை ஒட்டி வெளிறிய கோடு ஒன்று தெரியும். ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே, சுவரில்தான் இறங்க வேண்டும்.

அன்று நான் படித்த பாடம் இது: குளம்புக்கு ஏற்றபடி லாடத்தை வளைக்க வேண்டும். லாடத்துக்கு ஏற்றபடி குளம்பை ராவக் கூடாது. இரும்பைக் கெடுத்தால் வேறு இரும்பு வாங்கலாம். குளம்பு மேலிருந்து நுனிவரை வளர்ந்து இறங்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும்.

இன்னொன்று. செங்குத்தாக நிற்கிறதே என்று குதிகால் பக்கத்தை அதிகம் வெட்டாதீர்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். குளம்பின் முன்பக்கமும், அதற்கு மேலே உள்ள கால் பகுதியும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கோடு ஒடிந்து தெரிந்தால் வெட்டியது சரியில்லை.

லாடம் கட்டுபவர் எப்போதோ வருவார். தினமும் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். என்ன செய்யலாம்?

ஒன்று: வேலைக்கு முன்னும் பின்னும் நாலு காலையும் தூக்கிப் பாருங்கள். மண், சாணி, கல் எல்லாவற்றையும் கொக்கியால் எடுங்கள். குதிகால் பக்கத்திலிருந்து முன்முனைப் பக்கமாகச் சுரண்டுங்கள்.

இரண்டு: குளம்பின் அடியில் முக்கோணமாக மெத்தை போன்ற பகுதி இருக்கும். அதை ஒட்டிய பள்ளத்தில் கறுப்புக் கசிவும் நாற்றமும் இருந்தால் அது அழுகல். ஈரத்திலும் சாணியிலும் நின்றால் இது வரும். கட்டும் இடத்தை உலர வையுங்கள்.

மூன்று: நாலு குளம்பையும் கையால் தொடுங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் பொதி ஏற்றாதீர்கள். கோவேறு கழுதை வலியை எளிதில் காட்டாது. அது நொண்டுகிறது என்றால் வலி அதிகம் என்று பொருள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குளம்பில் ஆணி குத்தினால் ரண ஜன்னி வரலாம். அது உயிரையே பறிக்கும். தடுப்பூசியை முன்னதாகவே போட்டு வையுங்கள்.

நான்கு: ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடத்தைக் கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீர் செய்ய வேண்டும். லாடம் தேயவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். லாடம் தேயாவிட்டாலும் குளம்பு வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

எட்டு வாரத்தை எப்படி நினைவில் வைப்பது? நீங்கள் இப்போது எழுதப் படிக்கக் கற்றவர்கள். ஒரு நோட்டு போடுங்கள். லாடம் கட்டிய தேதியை எழுதுங்கள். தடுப்பூசி போட்ட தேதியையும் எழுதுங்கள்.

குளம்பைச் சீர் செய்ததும், அதை ஓர் அட்டையின் மேல் ஊன்றச் செய்யுங்கள். பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். எந்தக் கால் என்று அதிலேயே எழுதுங்கள். லாடம் கட்டுபவரிடம் அட்டையைக் காட்டி, "ஐயா, இதுதான் என் கழுதையின் கால். இந்த அளவுக்கு லாடத்தை வளைத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அடுத்த முறை புதுக் கோடு போட்டு, பழையதோடு வைத்துப் பாருங்கள். வடிவம் மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

எனக்கு அன்று அப்படி ஓர் அட்டையை யாராவது காட்டியிருந்தால், அந்தக் கழுதை நொண்டியிருக்காது.