மைதானமும் பெண்களுக்குத்தான்
(கிரானில் பெண்கள் கிரிக்கெட் போட்டிகளின் நிறைவில் ஆற்றிய உரை)

தங்கச்சிமாரே, தோழர்களே,

இந்த வருடப் போட்டிகள் முடிந்தன. தோற்ற பிள்ளைகள் தலைகுனிய வேண்டாம். 2022 ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் நமது பெண்கள் அணி 65 ஓட்டங்களே எடுத்து, இந்தியாவிடம் 8 விக்கெட்டுகளால் தோற்றது. 2024 ஜூலை 28, தம்புள்ளையில் இந்தியா 165 எடுத்தது. சமரி அத்தபத்து 61, ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69. அதே 8 விக்கெட்டுகளால் வென்றோம்.

பயிற்சி இல்லாமல் இப்படி எழும்ப முடியாது. பயிற்சிக்கு நேரம் வேண்டும். எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வரும் பெண்ணுக்கு அடுப்பு காத்திருக்கிறது. இங்கே வயலிலிருந்து வருபவளுக்கும் அப்படியே.

அடுத்த போட்டிக்கு முன் தீர்மானிப்போம்: வாரத்தில் ஒரு பின்னேரம் மைதானம் பெண்களுக்கு, அன்று அடுப்பு அண்ணன்மாருக்கு.