போர் கம்ப்ரசரில் காற்றுக் கசிவு
(வானொலி உரை)



வாலாஜாபாத் பக்கம் ஒரு விவசாயி, "சார், தண்ணி கொறஞ்சு போச்சு, போரை இன்னும் 100 அடி இறக்கணும்" என்றார். போய்ப் பார்த்தால், காற்றுக்குழாயின் யூனியனில் வாஷர் கிழிந்து காற்று 'உஸ்'ஸென்று போய்க்கொண்டிருந்தது! வாஷர் மாற்றியதும் தண்ணீர் பழையபடி கொட்டியது.

முதலில் அழுத்தமானியைப் பாருங்கள். காற்றுக்குழாயின் அடிமுனைக்கு மேல் நிற்கும் 33 அடி நீருக்கு, சுமார் 1 கிலோ அழுத்தம் வேண்டும். முள் வழக்கத்தைவிடக் கீழே நின்றால், நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், காற்றும் கசியலாம். எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போருக்குப் போகும் வால்வை மூடி, தொட்டியில் வழக்கமான அழுத்தம் ஏறியதும் மோட்டாரை நிறுத்துங்கள். முள் இறங்கினால் கசிவு கம்ப்ரசர் பக்கம். ஏர் பில்டரில் காற்றுச் சத்தம் கேட்டால், நான்-ரிட்டர்ன் வால்வில் தூசி அடைத்திருக்கும், கழற்றித் துடைக்கணும்.

முள் அசையவில்லையா? வால்வைத் திறந்து கம்ப்ரசரை ஓடவிட்டு, போர் வரையுள்ள இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை கிளம்பும் இடம்தான் ஓட்டை. வெளியே நுரையே இல்லாவிட்டால், போருக்குள் இறங்கும் காற்றுக்குழாயைத் தூக்கிப் பார்க்கணும். அதுவும் சரியாக இருந்தால்தான் நீர்மட்டத்தைப் பற்றி யோசிக்கணும்.

ஒரு எச்சரிக்கை. தொட்டியில் காற்று இருக்கும்போது ஸ்பேனர் போடாதீர்கள். முழுக்க வெளியேற்றிவிட்டுத் தொடுங்கள். சேப்டி வால்வு கசிகிறதென்று அதைக் கட்டி வைக்கவே கூடாது, தொட்டி வெடித்துவிடும். மாற்றிவிடுங்கள்.

ஒரு இழை அறுந்தாலும் காஞ்சிபுரத்து நெசவாளி தறியை நிறுத்தி முடிச்சுப் போடுகிறார். நாமும் போரை இறக்குமுன் ஓட்டையைத் தேடுவோம்.