ஒளியும் நோவும்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒளியினால் நோவைத் தணித்தல் என்பதாகும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோருக்கு நோவு இன்னதென்று நான் விளக்க வேண்டியதில்லை. பின்வரிசை இளைஞருக்கோ அது ஆச்சியின் முழங்காலிலும் அப்புவின் நாரியிலும் இருக்கும் ஒரு செய்தி மட்டுமே. இரு சாராருக்கும் பயன்படுமாறு சில சொல்ல விழைகின்றேன்.

வெட்டுக்காயத்தில் எழும் நோவு நமக்குக் காவலன். காயம் ஆறியதும் அதுவும் அகன்றுவிடும். மூன்று மாதங்களுக்கு மேலும் நின்று வருத்துவதையே நாட்பட்ட நோவு என்பர் மருத்துவர். அது உறக்கத்தைக் கெடுக்கும், நடையைக் குறைக்கும், மனத்தைச் சோர்விக்கும். வெளியே புண்ணோ வீக்கமோ தெரியாதபடியால், வீட்டாரும் நம்ப மறுப்பர். நோவினும் கொடியது அந்த நம்பாமை.

ஒளியை மருந்தாகக் கொள்ளும் எண்ணம் நமக்குப் புதிதன்று. குழந்தைக்கு எண்ணெய் பூசி இளவெயிலில் கிடத்தும் வழக்கத்தை நாம் அறிவோம். ஆயினும் அதனை ஆய்வுக்கூடத்தில் வைத்து முறைப்படி சோதித்தவருள் முதன்மையானவர் நீல்ஸ் பின்சன் என்பவர். 1860ஆம் ஆண்டு பரோத் தீவுகளிற் பிறந்து டென்மார்க்கில் வாழ்ந்த இவர், தாமே நெடுநாள் நோயாளி. தோலைப் பற்றி முகத்தைச் சிதைக்கும் ஒருவகைச் சயரோகத்தை, கரிவில் விளக்கின் செறிந்த ஒளியால் இவர் குணப்படுத்தினார். அதற்காக 1903இல் நோபல் பரிசு பெற்றார். மறு ஆண்டே, 43ஆம் வயதில், காலமானார்.

அடுத்த படி தற்செயலாக நேர்ந்தது. 1960இல் லேசர்க் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது. அது புற்றுநோயை உண்டாக்குமோ என்றறிய, 1967இல் ஹங்கேரி நாட்டு மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் சுண்டெலிகளின் முதுகு மயிரை மழித்து, வலுக்குறைந்த செங்கதிரைச் செலுத்திப் பார்த்தார். புற்றுநோய் தோன்றவில்லை. கதிர் பட்ட எலிகளில் மயிர் விரைந்து வளர்ந்தது! சுடாத ஒளியும் உயிர்க்கலங்களைத் தூண்டவல்லது என்பது அன்று புலனாயிற்று.

இது எவ்வாறு நிகழ்கின்றது? நமது கலங்களுள் இழைமணிகள் என்னும் நுண்ணிய உறுப்புகள் உள. நாம் உண்ணும் உணவிலிருந்து கலத்துக்கு வேண்டிய சக்தியை ஆக்கித் தருபவை அவையே. அவற்றிலுள்ள ஒரு நொதியம், 600 முதல் 1100 நனோமீற்றர் வரையான செவ்வொளியின் பகுதிகளையும் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரின் பகுதிகளையும் உறிஞ்சுகின்றது. அதனால் சக்தி உற்பத்தி பெருகி, அழற்சி தணிகின்றது என்பது ஆய்வாளர் பலர் கொள்ளும் கருத்து. முற்றுப்பெற்ற முடிபென்று இதனைக் கொள்ளுதல் ஆகாது. ஆராய்ச்சி இன்னும் நடைபெறுகின்றது.

சரி, நோவு உண்மையில் தணிகின்றதா? 2009இல் லான்செட் என்னும் மருத்துவ ஏடு, கழுத்து நோவு பற்றிய 16 ஆய்வுகளை, 820 நோயாளரின் பெறுபேறுகளை, ஒருங்கே சீர்தூக்கிய கட்டுரையொன்றை வெளியிட்டது. நாட்பட்ட கழுத்து நோவுடையோர்க்குச் சிகிச்சை முடிந்து சில வாரங்கள் வரை தணிவு நீடித்தது என்பது அதன் முடிபு. நாட்பட்ட நாரி நோவுக்கு அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017இல் வகுத்த நெறிமுறையிலும், மருந்தில்லா முறைகளுள் இது இடம்பெற்றது. ஆனால் சான்று வலுக் குறைந்ததென்ற குறிப்புடன். அதே பட்டியலில் நம் யோகாசனமும் அதே குறிப்புடன் உண்டு. அவற்றினும் சிறந்த சான்றுடன் நிற்பதோ, காசு கொடாமற் செய்யக்கூடிய உடற்பயிற்சி! புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வாயில் உண்டாகும் கொடிய புண்ணைத் தடுப்பதற்கு, சில வகை நோயாளரிடம் இவ்வொளியைப் பயன்படுத்துமாறு உலக நிபுணர் சபைகள் பரிந்துரைத்துள்ளன.

இன்னொரு புதுமையும் கேளுங்கள். அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் மொகாப் இப்ராகிம் என்னும் மருத்துவர் பச்சை ஒளியை ஆராய்ந்தார். பச்சை ஒளியில் வைத்த எலிகளுக்கு நோவுணர்ச்சி குறைந்தது. கண்ணை மறைத்தபோது அப்பயன் தோன்றவில்லை. எனவே, இவ்வொளி வேலை செய்வது கண்வழியாக மூளையில் என்று கண்டார். 2020இல் வெளிவந்த ஆய்வொன்றில் ஒற்றைத் தலைவலியுடைய 29 பேர், பத்து வாரம் நாள்தோறும் ஓரிரு மணி நேரம் மெல்லிய பச்சை ஒளியில் இருந்தனர். தலைவலி வந்த நாட்கள் சராசரியாக 60 வீதமளவிற் குறைந்தன. மகிழ்ச்சியான செய்தியே. ஆயினும் 29 பேர் சிறு தொகை. ஒளியின் நிறத்தை நோயாளரே காண்பராதலின், நம்பிக்கையின் பயன் எவ்வளவு, ஒளியின் பயன் எவ்வளவு என்று பிரித்தறிதல் அரிது.

இனி, பெரியோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை சில. முதலாவது, ஒளிக்கும் அளவுண்டு. மிளகாய் நாற்றுக்கு நீர் குறைந்தால் வாடும், மிகுந்தால் அழுகும். இவ்வொளியும் அத்தகையதே. டோர்ச் விளக்கிற் சிவப்புத் தாள் சுற்றிப் பிடிப்பதாற் பயனில்லை. இரண்டாவது, சூடு பிடிக்கும் விளக்கு வேறு, இது வேறு. நீரிழிவினாற் கால் மரத்தோர் சூட்டு விளக்கை அணுகினால், சுடுவது தெரியாமலே புண்பட்டுப் போவர். மூன்றாவது, லேசர்க் கதிர் கண்ணிற் படலாகாது. புற்றுக்கட்டி உள்ள இடத்தில் நிபுணரின் அனுமதியின்றிப் பாய்ச்சலாகாது. நான்காவது, நோவுடன் காய்ச்சல், உடல் மெலிவு, கால் சோர்தல், சலம் கட்டுக்கடங்காமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விளக்கைத் தேடாது வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். “எல்லா நோவும் பறந்துவிடும்” என்று விளம்பரஞ் செய்து, பெரியவர்களின் ஓய்வூதியப் பணத்தைப் பறிக்கும் கருவிகள் பல விற்கப்படுகின்றன. ஆங்கிலம் படித்த நீங்கள், வாங்குமுன் அதன் அலைநீளம் யாது, வலு யாது, எந்நோய்க்குச் சோதித்தனர் என்று கேளுங்கள். விடை கிடையாவிடின் காசைப் பையில் வையுங்கள். வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ ஆச்சியை நீங்களே கூட்டிச் செல்லுங்கள். காலையில் அவர் கைபிடித்து வீதி முனைவரை நடவுங்கள். நோகுது என்று அவர் சொல்லும்போது நம்புங்கள். அதற்கு எந்த விஞ்ஞானியின் அனுமதியும் தேவையில்லை.