வாடகை பாக்கியும் பகுத்தறிவும்



சுயமரியாதைக்காரனுக்கும் வாடகை பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. குடியிருப்பவன் நாலு மாதம் குடிக்கூலி கொடுக்காவிட்டால் வீட்டுக்காரர் முதலில் போகுமிடம் எது? சோசியன் வீடு! அடுத்தபடியாகக் கற்பூரத்தை ஏற்றி, "அணைத்துச் சத்தியம் செய்" என்கிறார். கற்பூரம் அணைந்ததே ஒழியக் காசு வந்ததா? அதன் பிறகு, தண்ணீரை அடைப்பது, மின்சாரத்தை நிறுத்துவது என்று முரட்டுத்தனத்தில் இறங்குகிறார். 2019 பிப்ரவரி முதல் நம் தமிழ்நாட்டில் நடைமுறையிலுள்ள 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் இதைக் கூடாதென்கிறது.

அப்படியானால் என்ன செய்வது? அறிவைக் கொண்டு கணக்குப் பார்ப்பதுதான்.

நமது படிப்பகத்தின் முன்னறையை மாதம் 2,000 ரூபாய்க்கு ஒரு தையல்காரத் தோழருக்கு விட்டிருந்தோம். ஐந்து மாதம் பணம் வரவில்லை. "கோர்ட்டுக்குப் போ" என்றார்கள் சிலர். "தொலையட்டும், விடு" என்றார்கள் சிலர். நாம் நேரில் போய்ப் பார்த்தோம். தையல் மிஷின் அடகுக்குப் போய்விட்டது. மனைவி படுக்கையில் இருந்தார். பாக்கி 10,000, முன்பணம் 6,000 நம்மிடம் இருக்கிறது. நிற்பது 4,000. வக்கீலுக்கும் அலைச்சலுக்கும் அதற்குமேல் ஆகும். மாதம் 500 வீதம் எட்டு மாதத்தில் தீர்ப்பதென்று எழுதிக்கொண்டோம். இது தருமமல்ல, தோழர்களே, கணக்கு!

ஆனால் அதே தெருவில் கணவனை இழந்த ஓர் அம்மையார், "நம்ம சாதிக்காரர்" என்று நம்பி, எழுத்தில்லாமல் கடையை ஒருவருக்கு விட்டார். அவருக்கு அந்த வாடகைதான் சாப்பாடு. கடைக்காரரோ புதுக் கார் வாங்கினார். வாடகை மட்டும் தரவில்லை. கேட்டால், "சாதிசனத்துக்குள் கோர்ட்டா?" என்கிறார். சாதி எதற்குப் பயன்பட்டது பார்த்தீர்களா? ஏமாற்றத்தானே! இங்கே சும்மா இருப்பது பெருந்தன்மையா, கோழைத்தனமா? இரண்டு மாத பாக்கி இருந்தாலே வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யும்படி கேட்கலாம். மூன்று வருஷம் தாண்டிய பாக்கிக்கோ வழக்கே நிற்காது.

ஆகவே, இல்லாதவனா, இருந்தும் கொடாதவனா என்று முதலில் பாருங்கள். இல்லாதவனுக்குத் தவணை கொடுங்கள். கொடாதவன்மீது கூச்சமின்றி வழக்குப் போடுங்கள். வீடு விடும்போது சாதியைக் கேட்காதீர்கள். ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள் என்று கூறி, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.