யூரியா: காற்றில் போகும் காசு
(தாம்பரம் வட்டார உழவர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



தாம்பரத்தைச் சுற்றிலும் நஞ்சை நிலங்கள் மனைகளாகி வருகின்றன. ஏரிப் பாசனமும் சுருங்கிவிட்டது. எஞ்சிய நிலத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல்லும், கிணற்றடியில் கீரையும் காய்கறியும் பயிரிட்டு வரும் உங்களிடம் யூரியாவைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

நமக்கு வடக்கே மணலியில் உள்ள மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் ஆலை 1971-ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. நெடுங்காலம் நாப்தாவைக் கொண்டு அம்மோனியாவும் யூரியாவும் தயாரித்த இந்த ஆலை, 2019-ஆம் ஆண்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. இதனால் ஒரு டன் உரத்துக்கு வெளியேறும் கரியமில வாயு குறைகிறது. ஆலையின் பங்கு அது. மூட்டையைப் பிரித்த பின் நடப்பது நம் பொறுப்பு.

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் தழைச்சத்து ஏறத்தாழ 21 கிலோ. தேங்கிய நீரில் வீசினால் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். இன்னொரு பகுதி நைட்ரேட்டாகி நீரோடு இறங்கிக் கிணற்றைச் சேரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் இருக்கக் கூடாது; கிணற்று நீரைக் குடிப்பதும் நம் குழந்தைகளே.

மற்றொரு சிறு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாகும். தோட்டக்கால் நிலத்தில் இட்ட தழைச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு இப்படிப் போகும் என்பது பொதுக் கணக்கு. மூட்டைக்குச் சுமார் 325 கிராம்தான். ஆனால் இந்த வாயு கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆகவே அந்த 325 கிராம், ஏறக்குறைய 90 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

இந்த இழப்பைக் குறைப்பது எப்படி?

1. மண் பரிசோதனை செய்து, பரிந்துரைத்த அளவே இடுங்கள். தக்கைப்பூண்டு மடக்கி உழுதிருந்தால் அது தரும் தழைச்சத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

2. நெல்லுக்கு இலை வண்ண அட்டையைப் பயன்படுத்துங்கள். நட்ட 14-ஆம் நாள் முதல் பூக்கும் வரை வாரம் ஒரு முறை, 10 செடிகளில் முழுதும் விரிந்த மேல் இலையை உங்கள் உடல் நிழலில் வைத்துப் பாருங்கள். 6 இலைகளாவது வெள்ளைப் பொன்னியில் 3-க்கும், மற்ற ரகங்களில் 4-க்கும் கீழே இருந்தால் மட்டும் மேலுரம் இடுங்கள். சம்பாவில் ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 26 கிலோ யூரியா போதும். பச்சையாக இருக்கும் பயிருக்கு மேலும் ஊட்டினால் புகையானும் சாய்தலும்தான் மிஞ்சும்.

3. நீரை வடித்து, சேறு பதத்தில் இட்டு, பிறகு நீர் கட்டுங்கள். மழை மேகம் திரண்டிருக்கும்போது இடாதீர்கள்.

4. 2015 முதல் நம் நாட்டில் தயாராகும் யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அதன் தழைச்சத்து மெதுவாகக் கிடைத்துப் பயன்படுவதால், பழைய அளவை மீறி இடத் தேவையில்லை.

5. இட்ட நாள், அளவு, விளைச்சல் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த பட்டத்தில் எங்கே குறைக்கலாம் என்பதை அந்த நோட்டே சொல்லும்.

வீணாகும் யூரியாவைக் குறைத்தால் செலவு குறையும், கிணறும் காக்கப்படும், காற்றும் தூய்மையாகும். வரும் நவரைப் பட்டத்தில் ஒரு பாத்தியிலாவது செய்து பார்த்துப் பயன் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.