டாங்க் என்னும் ஒரு சொல்

(மன்றத்தின் ஆங்கில வகுப்புத் தொடக்க நாளில் நிகழ்த்திய உரை)



ஆங்கில வகுப்புத் தொடங்கும் நாளில் அம்மொழியின் பெருமையைப் பற்றியோ இலக்கண விதிகளைப் பற்றியோ பேசுவது வழக்கம். இன்று அவ்வழக்கத்தை விட்டு, ஒரேயொரு சொல்லை நாம் எடுத்துக்கொள்வோம். அகராதியைத் திறவாமலே இங்குள்ள அனைவருக்கும் தெரிந்த சொல் அது: டாங்க்.

இதற்குப் பொருள் யாது என்று கேட்டால் இச்சபையிலே மூன்று விடைகள் பிறக்கும். முன்வரிசைச் சிறுவர்கள், தண்ணீர் நிரப்பி வைக்கும் கறுப்புத் தாங்கி என்பார்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து இக்கரையை அழித்தபின், கிணறுகள் உவர்ப்பாகிக் கிடந்த காலத்தில், பவுசர் வந்து நிரப்பிச் செல்லும் தாங்கியின் முன் குடத்தோடு நின்றவர்கள் பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் எத்தனை பேர்! அவர்களுக்கு அச்சொல்லின் பொருளை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டால், பீரங்கி பூட்டிய இரும்பு வண்டி என்பார்கள். 2009 வரை செய்தி கேட்டு வளர்ந்த காதுக்கு வேறு எப்பொருள் தோன்றும்? மூன்றாவது விடையைப் பின்வரிசைப் பெரியோர்கள், அதிலும் வயற்காணி உடையவர்களே, சொல்லுவார்கள். அது குளம்.

மூன்றும் சரியே. ஆயினும் இவற்றுள் மூத்தது எது? பின்வரிசையின் விடைதான்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில வணிகர் இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்தனர். அங்கே மக்கள் மழைநீரைத் தேக்கி வைத்திருந்த நீர்நிலைகளைக் கண்டு, அவற்றைக் குறிக்கவே இச்சொல்லை முதலில் எழுதினர். குசராத்தி, மராத்தி மொழிகளிலுள்ள சொல்லொன்றிலிருந்து பெற்றனர் என்பர் ஒரு சாரார். நமது தடாகம் என்ற சொல்லுக்கும் அதற்கும் உறவு இருக்கலாம் என்பதும் அவர் கருத்து. போர்த்துக்கேயர் தம்மோடு கொண்டுவந்த, நீரைத் தேக்குதல் என்னும் பொருளடியாகப் பிறந்த சொல்லே இது என்பர் மற்றொரு சாரார். வழக்கு இன்னும் தீரவில்லை. தமிழின் தாங்கி என்ற சொல்தான் ஆங்கிலத்தில் டாங்க் ஆயிற்று என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும், சான்று கிடைக்காது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் வேண்டுமாயின், நீர்ப்பாசன இலாகாவின் ஏட்டிலேயே ஒன்று இருக்கிறது. அனிகட் என்று அவர்கள் எழுதுவது நம்முடைய அணைக்கட்டே.

நீரை அடைத்து வைக்கும் பெட்டி, தொட்டி முதலியவற்றுக்கு இப்பெயர் வந்தது பிற்பாடு. இரும்பு வண்டிக்கு வந்த கதை இன்னும் சுவையானது. முதலாம் உலகப் போரின்போது, 1915இல், இங்கிலாந்தின் லிங்கன் நகரிலே ஒரு புதுப் போர்க்கருவியைச் செய்தார்கள். பகைவர் உளவறியாதிருக்கும் பொருட்டு, அதனைத் தண்ணீர் கொண்டுசெல்லும் கலம் என்று தோன்றும்படி பேசினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் டாங்க் என்ற மறைபெயர் நிலைத்துவிட்டது. 1916 செப்டெம்பர் 15இல் அது பிரான்சின் சொம் போர்க்களத்தில் முதன்முதல் இறங்கியது. பொய்யாகச் சூட்டிய பெயர் மெய்ப்பெயராயிற்று. குளத்தின் பெயரைக் கொலைக்கருவி வாங்கிக்கொண்டது என்றும் சொல்லலாம்.

இனி வழக்குக்கு வருவோம். ஒரு சொல்லின் பொருளை அகராதி தரும். அது யாரோடு சேரும், எங்கே செல்லும் என்பதை வழக்கே தரும். நேற்று நாம் டாங்கில் நீராடினோம் என்று இலண்டனில் சொல்லிப் பாருங்கள். நம்மை மீன் என்று நினைப்பார்கள், கண்ணாடித் தொட்டியில் வளரும் மீன். அதே வாக்கியம் அம்பாறையிலும் அநுராதபுரத்திலும் பிழையற்ற ஆங்கிலம். 1856இல் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம் வந்த காலந்தொட்டு, இந்நாட்டு ஆங்கிலத்தில் குளம் டாங்க்தான். 1934, 1935ஆம் ஆண்டுகளில் நமது பண்டை நீர்ப்பாசன வேலைகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய புரோஹியரும் அச்சொல்லையே ஆண்டார். உலக உணவு விவசாய நிறுவனம் 2017இல் இலங்கை வரண்ட வலயத்தின் தொடர்குளங்களை உலக விவசாய மரபுரிமை என ஏற்றபோதும், அப்பெயரில் இச்சொல்லே நின்றது.

தமிழ்நாட்டில் வயலுக்குப் பாயும் நீர்நிலையைப் பெரும்பாலும் ஏரி என்பர். கோயிலை அடுத்ததைத் தெப்பக்குளம் என்பர். ஆங்கிலேயர் இரண்டையும் டாங்க் என்றே எழுதினர். ஆதலால் அங்கு அச்சான மொழிபெயர்ப்புகளைப் பார்த்து இறக்காமத்தையும் சாகாமத்தையும் ஏரி என்று எழுதிவிடாதீர்கள். நமக்கு அவை குளங்களே.

எல்லாக் குளமும் டாங்க் ஆகுமா என்றால், ஆகாது. கண்டி நகரின் நடுவே அரசன் கட்டுவித்த நீர்நிலையும் மனிதர் செய்ததே. ஆயினும் அதனை ஆங்கிலத்தில் லேக் என்கிறார்கள். அது வயலுக்குப் பாய்வதற்காக அமைந்ததன்று, அழகுக்காக அமைந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் எழுந்ததோ சமுத்திரம் என்றே பெயர் பெற்றது. பொறியியலாளர் அதனை ரிசர்வோயர் என்பர். பழையது, மண்கட்டால் ஆனது, ஊரோடு ஒட்டியது டாங்க். புதியது, பெரிது, திட்டத்தால் வந்தது ரிசர்வோயர். இது சட்டமன்று, பெரும்பான்மை வழக்கு. நம் களப்பையும் சிலர் லேக் என்று எழுதுகிறார்கள். கடலோடு வாய் திறக்கும் நீர்நிலைக்கு லகூன் என்பதே பொருத்தம்.

இப்போது ஒரு வாக்கியம். த டாங்க் இஸ் ஸ்பில்லிங். இதனை மாணவர் ஒருவரிடம் கொடுத்தால், தாங்கி சிந்துகிறது என்று எழுதுவார். அகராதிப்படி ஒவ்வொரு சொல்லும் சரி; வாக்கியம் முழுவதும் பிழை. குளம் வான் பாய்கிறது என்பதே அதன் பொருள். குளம் நிறைந்து, மேலதிக நீர் வானால் வெளியேறுகிறது. கீழே இருப்பவர்கள் மாட்டையும் நெல்லையும் மேட்டுக்கு ஏற்ற வேண்டும். 1957 டிசம்பரிலும் 2011 ஜனவரியிலும் வெள்ளம் வந்து மூடிய பகுதி இது. இங்கே அவ்வாக்கியத்தைப் பிழையாக வாசிப்பதில் போவது பரீட்சைப் புள்ளி மட்டுமன்று.

மாணவர் ஏன் பிழை செய்தார்? ஆங்கிலம் தெரியாமல் அன்று. வான் என்ற தமிழ்ச்சொல் அவருக்கு ஆகாயம் ஒன்றையே குறித்தது. ஸ்லூயிஸ் என்றால் துருசு, பண்ட் என்றால் குளக்கட்டு என்று சொல்லிக் கொடுத்தாலும், துருசையும் கட்டையும் கண்டிராதவருக்கு ஒரு புரியாத சொல்லுக்குப் பதிலாக இன்னொரு புரியாத சொல் கிடைக்கிறது, அவ்வளவே. அதே வீட்டில் பாட்டனார் இருப்பார். வானையும் துருசையும் கையால் அறிந்தவர். இலாகாவிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதத்தை வாசிக்க மட்டும் பேரனைக் கூப்பிடுவார். பேரன் வாசிப்பார், பொருள் சொல்லமாட்டார். பாட்டனாருக்குப் பொருள் தெரியும், வாசிக்க வராது. ஒரு கூரையின் கீழ் இருவரும் அரையரையாக ஒரு சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

காரைதீவில் பிறந்து, கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் பயின்ற விபுலாநந்த அடிகள், பின்னாளில் சென்னையில் 1936இல் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். விஞ்ஞானத்தில் இலண்டன் பட்டமும் தமிழில் மதுரைச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றவர் அவர். இரண்டு பக்கமும் தெரிந்தவரிடம் அப்பணியை ஒப்புவித்தார்கள் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

எனவே இவ்வகுப்பின் பின்வாங்கில் பெரியோர்களும் வந்து அமரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஆங்கிலம் அறியாத போடியார் ஒருவர் ஆங்கில வகுப்புக்கு உதவுவாரா என்று சிரிக்க வேண்டாம். நீர், வயல், நெல் பற்றிய பாடங்களுக்கு அவரினும் மேலான துணை நமக்கு இல்லை.

டாங்க் என்பதற்கு வேறு வழக்குகளும் உண்டு. அறிஞர் கூடி ஆராயும் அமைப்பைத் திங்க் டாங்க் என்பர். விலை திடீரென விழுந்தால் அதனையும் இச்சொல்லாலேயே வினையாக்கிச் சொல்லும் புதுவழக்கு பத்திரிகைகளில் காணப்படுகிறது. அவை தாமே வந்து சேரும், அவசரம் இல்லை.

அடுத்த கிழமைக்குரிய சொல் ஸ்லூயிஸ். அதற்குள் ஒவ்வொருவரும் வட்டை விதானையாக இருந்த பெரியவர் ஒருவரையாவது கண்டு, துருசு எவ்வாறு திறக்கப்படுகிறது, எக்காலத்தில் எத்தனை நாள் நீர் விடுவார்கள் என்பதைக் கேட்டுத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். அப்பக்கத்தை மேசையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போவோம்.